புதுப்பிப்பு: குழந்தைக்கு ஒரு பக்க மூக்கடைப்பு, காரணம் தெரிந்துவிட்டது

மூன்று வயது மகளுக்கு வலது மூக்கு மட்டும் அடைத்து, நாற்றத்துடன் சளி வடிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சைனஸ், அடினாய்டு (மூக்கின் பின்பக்கம் இருக்கும் சதை வீங்குவது), அலர்ஜி என்றெல்லாம் சொன்னீர்கள். "ஒரு பக்கம் மட்டும் என்றால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கும், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்து, சின்னக் கொக்கியால் இழுத்தார். சளியில் ஊறிக் கறுத்துப்போன ஸ்பாஞ்சுத் துண்டு! சோபா ஓரத்தில் பிய்த்திருக்கிறாள். அடினாய்டு என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைக்குமாம், குறட்டையும் வருமாம். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது நாற்றம் குறைந்து, நிறுத்தியதும் திரும்பியதற்குக் காரணமும் உள்ளே இருந்த அந்த ஸ்பாஞ்சுதான்.

வீட்டிலேயே இடுக்கியால் எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். பட்டன் பேட்டரியோ (வாட்ச், பொம்மைகளில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி) என்று சந்தேகம் வந்தால் உடனே ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும்.