கல்லீரலை ஒத்த எம்.ஆர்.ஐ. ஃபேன்டம்: ஒரே பாட்டிலில் அனைத்தையும் சேர்க்கலாமா?

கேள்வி (உதகை_ஆய்வர்):

அனைவருக்கும் வணக்கம். உதகையில் மருத்துவ இயற்பியல் ஆய்வு செய்கிறேன். கல்லீரலின் டி1, டி2 தளர்வு நேரங்களையும் (ரேடியோ துடிப்புக்குப் பின் திசுவின் காந்த நிலை மீளும் நேரம் டி1, அதன் சிக்னல் மங்கும் நேரம் டி2) கொழுப்பின் பங்கையும் எண்ணாகத் தரும் எம்.ஆர்.ஐ. முறைகளைச் சோதிக்க ஒரு ஃபேன்டம், அதாவது திசுவுக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும் மாதிரிப் பொருள், தேவைப்பட்டது. விலை கொடுத்து வாங்க இயலாததால், அகர் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழாக்கும் தூள்), நிக்கல் குளோரைடு, கடலை எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒரே பாட்டிலில் கலந்து, கல்லீரலுக்கு நெருங்கிய கலவை ஒன்றை நானே செய்தேன். ஸ்கேன் கோவையில்தான் என்பதால், அதிகாலைப் பேருந்தில் கொண்டுபோய், சென்றவுடன் அளந்துவிடுகிறேன். மூன்று முறை அளந்தும் டி1 ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஜனவரியில் அதைப் புறக்கொட்டகையில் வைத்துவிட்டேன். உறைபனி விழுந்த இரவுக்குப் பின் கூழ் சுருங்கி, அதைச் சுற்றி நீர் கசிந்து நின்றது. புதிதாகச் செய்யும்போது எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1 (கோத்தகிரி_இயற்பியல்):

திசுவைப் போல் இருக்கும் பாட்டிலும், உண்மை மதிப்பு நமக்குத் தெரிந்த பாட்டிலும் ஒன்றாக இருக்க முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். கொழுப்பின் டி1 நீரின் டி1ஐ விடக் குறைவு. இரண்டும் ஒரே படப்புள்ளிக்குள் இருக்கும்போது, ஒற்றை அடுக்குக்குறி வளைவைப் பொருத்திப் பெறும் டி1 இரண்டில் எதற்கும் உரியதன்று. அது எந்த வரிசையில் (ஸ்கேனர் துடிப்புகளை அனுப்பும் முறை), எந்த எதிரொலி நேரத்தில் (துடிப்புக்கும் சிக்னலைப் பதிவதற்கும் இடையிலான நேரம்) அளந்தீர்கள் என்பதையும் பொறுத்து மாறும். கல்லீரலில் கொழுப்பு படிந்த நோயாளியிடமும் இதே பிழை நேர்வதால், அந்தக் கலவையை நீங்கள் வீணாகச் செய்யவில்லை. முறையின் குறையை அது காட்டும். ஆனால் ஒப்பிடுவதற்கான அளவுகோலாக அது பயன்படாது.

அளவுகோலுக்கு எண்ணெய் சேராத பாட்டில்களைத் தனியாகச் செய்யுங்கள். டி1ஐ நிக்கலும் டி2ஐ அகரும் பெரும்பாலும் தீர்மானிக்கும். நிக்கல், லிட்டருக்கு ஒரு மில்லிமோல் செறிவுக்கு, தளர்வு வீதத்தை (டி1இன் தலைகீழ், 1/டி1) வினாடிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வரை கூட்டுகிறது; ஆகவே டி1 1000 மில்லி வினாடி அளவில் வேண்டுமானால் 1 மில்லிமோலில் தொடங்கலாம், அதாவது லிட்டருக்கு ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட உப்பு 0.24 கிராம். அகரின் வலிமை ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடுவதால், 1, 2, 3 விழுக்காடு என மூன்று பாட்டில்கள் செய்து, தலைகீழாக்கிய டி2 மதிப்புகளை (1/டி2) ஒரு கோட்டில் பொருத்திப் பார்த்த பிறகே இறுதிக் கலவையை முடிவு செய்யுங்கள். உண்மை மதிப்பை விரைவு வரிசைகளால் அளக்கக் கூடாது. டி1க்கு மீட்சி நேரத்தை மாற்றி மாற்றி எடுக்கும் பழைய தலைகீழ் மீட்சி முறையும், டி2க்கு ஒவ்வொரு எதிரொலி நேரத்துக்கும் தனித்தனியாக எடுக்கும் ஸ்பின் எக்கோவும் மெதுவானவை என்றாலும் நம்பத்தக்கவை.

மறுமொழி 2 (கொடைக்கானல்_வாசகர்):

மேலுள்ளதோடு உடன்படுகிறேன், செய்முறையில் மட்டும் சில சொற்கள். உதகையில் நீர் ஏறத்தாழ 92 முதல் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகர்த் தூள் முழுவதும் கரைவதற்கு அந்த வெப்பம் நீண்ட நேரம் நீடிக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் கரையாத துகள்கள் எஞ்சும், நீரும் ஆவியாகிச் செறிவு மாறிவிடும். சமையலுக்குப் பயன்படாத ஒரு குக்கரில், மூடியைத் தளர்த்திய கண்ணாடிப் பாட்டிலை வைத்து வேக வையுங்கள். உள்ளே 115 டிகிரிக்கு மேல் செல்லும். முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த நீரை வெந்நீராகச் சேர்த்த பிறகே நிக்கல் கரைசலைக் கலக்க வேண்டும். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பதால் கையுறையின்றித் தொடக் கூடாது. பூஞ்சைக்கு நான் சோடியம் பென்சோயேட் சேர்க்கிறேன். பாட்டில்களை வீட்டுக்குள் வையுங்கள். ஒருமுறை உறைந்த அகர் கூழ் பழைய நிலைக்குத் திரும்பாது.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. மூன்று அளவீடுகளும் முரண்பட்டதற்கு எண்ணெய் மட்டுமே காரணமாக இருக்குமா? கலவையும் வரிசையும் ஒன்றாகவே இருந்தன.

மறுமொழி 1 (கோத்தகிரி_இயற்பியல்):

வெப்பநிலைதான் காரணம் என்று ஐயுறுகிறேன். விடியற்காலைக் குளிரில் எடுத்த ஒரு லிட்டர் கூழ், மலையிறங்கிச் சமவெளி வெயிலைக் கடந்து, குளிரூட்டப்பட்ட ஸ்கேன் அறைக்குள் நுழைகிறது. அதன் வெளிப்பரப்பும் நடுவும் ஒரே வெப்பநிலையில் இருப்பதே அரிது. தூய நீரின் டி1 ஒரு டிகிரிக்கு 2 விழுக்காட்டுக்குக் குறையாமல் மாறுகிறது. நிக்கலின் பங்களிப்பு வெப்பத்தால் அதிகம் மாறாது என்பதே அதைத் தேர்ந்தெடுக்க முதன்மைக் காரணம். ஆனால் 1 மில்லிமோல் போன்ற குறைந்த செறிவில் தளர்வின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீருடையதாகவே இருப்பதால் அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காது. முந்தைய நாள் மாலையே பாட்டில்களை ஸ்கேன் அறையில் வைத்துவிடுங்கள். உலோகமில்லாத ஆல்கஹால் வெப்பமானியை ஒரு நீர்ப் பாட்டிலில் செருகி, ஒவ்வொரு வரிசைக்கும் முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத டி1 அளவீட்டை நான் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

பின்னாளில் விரவல் குணகமும் (நீர் மூலக்கூறுகள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்ற அளவு) அளக்க எண்ணினால், பாட்டிலைப் பனிக்கட்டி கலந்த நீரில் அமிழ்த்தி வையுங்கள். 0 டிகிரியில் நீரின் விரவல் குணகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.0011 சதுர மில்லிமீட்டர். எந்த ஊரிலும், எந்த ஸ்கேனரிலும் அதே மதிப்பு வர வேண்டும்.