புதுப்பிப்பு: காந்தச் சுழியை எக்ஸ்ரேயில் பார்ப்பது

போன வாரம், மைக்ரான் அளவு காந்தத் தகட்டுக்குள் நடக்கும் அசைவை எக்ஸ்ரேயில் வீடியோ மாதிரி எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன்: அது ஓடும் வீடியோ இல்லை, திரும்பத் திரும்ப நடக்கும் அசைவைக் கூட்டி எடுக்கும் படங்கள்.

நேற்று மண்டபம் ஊரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகையில், ஓடுகிற புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு செல்போன் டார்ச்சை மினுக்கவிட்டோம். மினுக்கலும் சுற்றும் ஒத்துப்போனதும் கோடு அப்படியே நின்றது. வேகத்தைத் துளி மாற்றியதும் மெல்ல ஊர்ந்தது. எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஓடவிட்டு எக்ஸ்ரே உண்டாக்கும் சின்க்ரோட்ரான் எந்திரத்தில் நடப்பதும் இதுதான். அங்கே ஒவ்வொரு எக்ஸ்ரே மினுக்கலும் பல பத்து பிக்கோ வினாடிதான் (ஒரு பிக்கோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), காந்தத்தை ஆட்டும் அலையை அதோடு பூட்டிவிட்டு, கோடிக்கணக்கான சுற்றுகளைக் கூட்டித்தான் ஒரே ஒரு படம் கிடைக்கிறது; அலைக்கும் மினுக்கலுக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் அடுத்தடுத்த படங்கள்.

சரி, காந்தம் எப்படித் தெரிகிறது? வட்டமாக முறுக்கிய (அதாவது மின்புலம் சுழன்றபடி வரும்) எக்ஸ்ரேயை நிக்கலோ இரும்போ உறிஞ்சும் அளவு, காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மாறும். பெர்மலாய் (நிக்கலும் இரும்பும் கலந்த உலோகம்) வட்டில் காந்தத் திசை சுழிபோல வட்டமாகச் சுற்றுகிறது; அதன் நடுவே பத்து இருபது நானோமீட்டர் அகலத்தில் செங்குத்தாக நிற்கும் சுழிமையம் இப்படித்தான் அகப்படுகிறது. அந்த மையத்தை 1.5 மில்லிடெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) அலைத்துடிப்பிலேயே தலைகீழாகக் கவிழ்க்கலாம் என்று 2006இல் காட்டினார்கள், எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

அப்புறம், முன்பு நான் சொல்லாமல் விட்டது: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி திரும்ப நடக்காத அசைவு இந்த முறையில் கலங்கிப்போய்விடும். நேற்று எஞ்சின் திக்கியபோது சாக்பீஸ் கோடும் அப்படித்தான் கலைந்தது.