1996 கருக்கலைப்புச் சட்டம் பெண்ணின் மனதுக்கு நன்மையா, காயமா? (டர்பன் தமிழர் விவாதம்)

வெருலம் மூட்லி:
எல்லோருக்கும் வணக்கம். "கருக்கலைப்பு சட்டமானதிலிருந்து நம் பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்" என்று இங்கே ஒருவர் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நம் தென்னாப்பிரிக்காவில் 1996-இல் நிறைவேறி 1997 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் மனம் என்ன ஆகிறது? நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பிறந்தவர்களை 30 வயது வரை தொடர்ந்து கவனித்த ஃபெர்குசன் குழு 2008-இல் முடிவை வெளியிட்டது. கருக்கலைப்பு செய்துகொண்டவர்களிடம் மனநலக் கோளாறு மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம் என்றது. குடும்பச் சூழல், சிறுவயதுத் துன்பம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு வந்த எண் அது.

நம் வீட்டில் ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை உறவினர் கூடவே இருப்பார்கள். இந்த இழப்புக்கு அப்படி யாரும் வருவதில்லை. சட்டத்தின் 4-ஆம் பிரிவோ ஆலோசனை கட்டாயமில்லை என்கிறது. முதலில் அதை மாற்ற வேண்டும் என்கிறேன்.

தாதி சாட்ஸ்வர்த்:
மூட்லி ஐயா, அதே ஆய்வின் அடுத்த வரியையும் சொல்லியிருக்கலாம். ஒட்டுமொத்த மனநலக் கோளாறுகளில் கருக்கலைப்பின் பங்கு 1.5 முதல் 5.5 சதவீதம் என்றுதான் அவர்களே மதிப்பிட்டார்கள்.

யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேண்டி விரும்பிப் பிள்ளை பெற்றவளோடு, வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொண்டவளை ஒப்பிட்டால் விடை முன்பே தெரிந்ததுதான். டென்மார்க்கின் 2011 ஆய்வு இதைப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தது. முதல் மூன்று மாதத்தில் கருக்கலைத்த 84,620 பேரில், மனநல மருத்துவத்தை முதன்முறையாக நாடியவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 14.6 பேர். இது கலைப்பதற்கு முன்பு. பின்பு 15.2. ஏறக்குறைய மாற்றமே இல்லை. பிள்ளை பெற்றவர்களிடம் முன்பு 3.9, பின்பு 6.7. ஆக, கலைக்க வருகிறவள் ஏற்கெனவே பாரத்தோடுதான் வருகிறாள். அடிக்கிற கணவன், வேலையில்லாத வீடு, சொல்ல முடியாத உறவு என்று அந்தப் பாரம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். 1994-இல் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் நடந்த கணக்கெடுப்பின்படி, அரைகுறையாகக் கலைந்த நிலையில் ஆண்டுக்குச் சுமார் 44,700 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 425 பேர் இறந்தார்கள். சட்டம் வந்த பிறகு, 1998-2001 காலத்துக்குள் அந்த மரணங்கள் 91 சதவீதம் குறைந்தன.

வெருலம் மூட்லி:
மரணம் குறைந்ததை நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் 2000-இல் மறுபடி எடுத்த கணக்கில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, நோயின் தீவிரம்தான் குறைந்தது. டென்மார்க் கணக்கிலும் மனநல மருத்துவரிடம் போனவர் மட்டுமே வருவார். அடுப்படியில் நின்று தனியாக அழுகிறவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்து எல்லோரும் காட்டுகிற அமெரிக்க டர்ன்அவே ஆய்வு: 30 மருத்துவமனைகள், கலைக்க வந்த ஏறத்தாழ ஆயிரம் பெண்கள், ஐந்து ஆண்டு. மூன்றாண்டு வரை ஒவ்வொரு முறை கேட்டபோதும் கலைத்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் "சரியான முடிவுதான்" என்றார்கள். நல்லது. ஆனால் அழைக்கப்பட்ட தகுதியுள்ளவர்களில் 37.5 சதவீதத்தினரே சேர்ந்தார்கள். மீதிப் பேர் ஏன் பேச வரவில்லை?

கோவிந்தர், டோங்காட்:
அண்ணே, அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதே ஆய்வில் நாள் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களும் அதே அளவு தயங்கித்தான் சேர்ந்தார்கள், ஆகையால் இரண்டு பக்கத்துக்கும் அந்தக் குறை பொருந்தும். திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம்தான் முதல் வாரத்தில் பதற்றம் அதிகம் இருந்தது. ஓராண்டுக்குள் இரு பிரிவும் ஒன்றுபோல ஆகிவிட்டது.

நீங்கள் கேட்கிற கட்டாய ஆலோசனைக்கு வருகிறேன். 12 வாரம் வரை பயிற்சி பெற்ற மருத்துவச்சியோ தாதியோ செய்யலாம். 13-இலிருந்து 20 வாரம் வரை மருத்துவர் மட்டுமே செய்யலாம்; உடல் அல்லது மனநல ஆபத்து, கருவின் கடுமையான குறைபாடு, பலாத்காரம் அல்லது நெருங்கிய இரத்த உறவினரால் ஏற்பட்ட கர்ப்பம், வாழ்க்கை நிலையைப் பெரிதும் பாதிக்கும் என்ற நான்கில் ஒன்று வேண்டும். 20-க்கு மேல் தாயின் உயிர் ஆபத்து, கருவின் கடும் ஊனம் போன்றவை மட்டும்தான், அதற்கும் இரண்டு பேர் கருத்து தேவை. ஒவ்வொரு படியிலும் செய்யக்கூடியவர் குறைகிறார். கட்டாயம் என்று ஒரு சந்திப்பைச் சேர்த்தால், கூட்டமுள்ள ஆஸ்பத்திரியில் அது இரண்டு வாரம் ஆகும். 11 வாரத்தில் வந்தவள் 13-இல் நிற்பாள். 18 வயதுக்குக் கீழுள்ள பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று தொடுத்த வழக்கையும் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் 2004-இல் தள்ளுபடி செய்தது. பெற்றோரிடம் பேசும்படி அறிவுரை சொல்ல வேண்டும், அவள் பேசவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தாதி சாட்ஸ்வர்த்:
தம்பி சொன்ன அந்த இரண்டு வாரம் எங்கே போகிறது என்று சொல்கிறேன். பெரும்பாலோர் மாதவிலக்கு தள்ளிப்போன நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. தள்ளிப்போனபோதே நான்கு வாரம் ஆகிவிட்டது. "ஏழு வாரம்தான்" என்று வருகிறவளுக்கு ஸ்கேனில் பதினொன்று தெரியும். பிறகு பரிசோதனைக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு நாள். 2017-இல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டியின் அறிக்கை, நாட்டின் அரசு சுகாதார நிலையங்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவையே இதைச் செய்கின்றன என்றது.

அந்த அலைச்சலில்தான் விளக்குக் கம்பத்தில் ஒட்டிய சுவரொட்டி வேலை செய்கிறது: "வலியில்லை, ஒரே நாளில்", கீழே ஒரு செல் எண். அங்கே கிடைப்பது பிளாஸ்டிக் உறையில் போட்ட நான்கைந்து வெள்ளை மாத்திரை. அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. மிசோப்ரோஸ்டால் என்ற கலைப்பு மாத்திரை ஈரம் பட்டால் வீரியம் போய்விடும், அதனால்தான் அலுமினிய அட்டையில் அடைக்கிறார்கள். டர்பன் புழுக்கத்தில் பிரித்து வைத்த மாத்திரை பாதி வேலைதான் செய்யும். பாதி கலைந்து, மிச்சம் உள்ளே தங்கி, சீழ்பிடித்துக் காய்ச்சலோடு வருகிறார்கள்.

சரியான முறை இது: மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று விழுங்க, 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், அதாவது 200-இன் நான்கு மாத்திரை. முதலாவது கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கிறது, இரண்டாவது கருப்பையைச் சுருங்க வைக்கிறது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைகள் வேலை செய்யாது, குழாய் வெடிக்கும் ஆபத்தும் அப்படியே இருக்கும். அதனால் முன்பே தேதியும், ஒரு பக்க வயிற்றுவலி உண்டா என்பதும் பார்க்க வேண்டும்.

இன்னொரு முறை, கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பது, பத்து நிமிட வேலை. முடிந்ததும் எடுத்ததைக் கண்ணாடித் தட்டில் தெளிந்த நீரில் மிதக்கவிட்டு, கீழிருந்து வெளிச்சம் காட்டிப் பார்க்கிறோம். இறகுபோல வெள்ளை இழைகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மிச்சம் இருக்கிறதா, குழாய்க் கர்ப்பமா என்று சந்தேகித்து உடனே தேட வேண்டும். கம்பத்து ஆளிடம் அந்தத் தட்டே கிடையாது.

ஒன்றை எல்லா வீட்டிலும் சொல்லி வையுங்கள். பெரிய பேட் மணிக்கு இரண்டோ அதற்கு மேலோ, தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ, அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். யார் என்ன கேட்பார்களோ என்று பயந்து காலைவரை காத்திருந்ததால் போன உயிர்கள் இருக்கின்றன.

கமலா, பீனிக்ஸ்:
இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள் அக்கா, ஐயா. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2008 குழு, கலைத்த பிறகு யாருக்கு மனம் உடைகிறது என்று பார்த்தது. முன்பே மனநோய் இருந்தவர், ஊர் என்ன சொல்லுமோ என்று மறைத்தாக வேண்டியவர், துணை இல்லாதவர், உண்மையில் அந்தக் குழந்தையை விரும்பியவர். இதில் கடைசி மூன்றைச் செய்வது நம் சமூகம்தான்.

ஆகவே எல்லோருக்கும் கட்டாயம் என்பதைவிட, ஒரு பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். கணவரோ மாமியாரோ கூட வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் பெண்ணை மட்டும் உள்ளே அழைக்க வேண்டும். "இது யாருடைய முடிவு?" என்று ஒரு கேள்வி. பிறகு மௌனம், அவள் பேசும்வரை. சட்டத்தின் 5-ஆம் பிரிவு அவளுடைய சம்மதம் மட்டுமே என்கிறது. அவளைக் கேட்காமல் அந்தச் சம்மதம் எங்கிருந்து வரும்? வற்புறுத்தலால் கலைப்பவள் பின்னால் உடைந்துபோனால், அதற்கு இந்தச் சட்டத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் வாயைத் திறக்கவிடாதவர்களைத்தான் சொல்வேன்.

வெருலம் மூட்லி:
கமலா, கரு ஓர் உயிர் என்று நான் நம்புகிறேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் தனியாக அழைத்துக் கேட்பதற்கு நான் முழு ஆதரவு. சொல்லப்போனால் என் பக்கத்துக்குத்தான் அது அதிகம் தேவை, வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் கலைக்க வருகிறவளை அது காப்பாற்றும். கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். கேட்டால் அன்றைக்கே கிடைக்கும் ஆலோசனை, தமிழிலும் ஜூலுவிலும், முன்னும் பின்னும் வேண்டும். 4-ஆம் பிரிவு அரசு அதை ஊக்குவிக்க வேண்டும் என்றுதானே சொல்கிறது? எத்தனை இடத்தில் நடக்கிறது?

தாதி சாட்ஸ்வர்த்:
முன்னால் பேசுவது ஓரளவு நடக்கிறது ஐயா. பின்னால் பேச ஆள் இல்லை. வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை நான்கு வாரம் வரைகூடக் கர்ப்பம் என்றே காட்டலாம். அதைப் பார்த்து "இன்னும் கலையவில்லை" என்று நடுங்கிப்போய் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள். முன்கூட்டியே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினாலே பாதிப் பயம் போய்விடும். திரும்பி வரும் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அன்றைக்கு அவளோடு உட்கார ஒரு ஆள் வேண்டும்.

வெருலம் மூட்லி:
அந்த ஆளுக்காக மனு எழுதுவோம். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.