எறும்போடு வாழும் வெள்ளிக்கோட்டு வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு பெயர் வேண்டும் (வியாழனுக்குள்)

உயிரியல் ஆசிரியை, வெள்ளவத்தை. திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

பாடசாலைத் தோட்டத்தில் நடுவதற்கு மும்மொழிப் பலகை ஒன்று தயாராகிறது. சிங்களமும் ஆங்கிலமும் அச்சகத்துக்குப் போய்விட்டன. தமிழ் வியாழன் பின்னேரத்துக்குள் போகவேண்டும். இல்லையென்றால் யாரோ கணினியில் போட்டு எடுத்த தமிழ் அந்த இடத்தில் ஏறிவிடும். கொழும்பில் அப்படிப்பட்ட பலகைகள் போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கின்றன.

விடயம் சிகரிட்டிஸ் என்னும் சாதி, அதாவது நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த தொகுதி (genus). பழைய நூல்களில் ஸ்பின்டாசிஸ் என்று இருக்கும். சிறகை விரித்தால் மூன்று சென்ரிமீற்றர் அளவு வரும் சிறிய வண்ணத்துப்பூச்சிகள். சிறகின் அடிப்பக்கம் வெளிர்மஞ்சள். அதில் செம்பழுப்புப் பட்டைகள், பட்டையின் நடுவே வெள்ளிக் கோடு. பின்சிறகில் மெல்லிய வால்களும் செம்மஞ்சள் பொட்டும் உண்டு. உட்கார்ந்து வாலை அசைத்தால் அந்தப் பக்கந்தான் தலை என்று குருவி கொத்தும். பூச்சி சிறகின் ஒரு துண்டை இழந்து தப்பிவிடும். குடம்பிகள், அதாவது முட்டையிலிருந்து வரும் புழுக்கள், எறும்புகளோடு சேர்ந்து வாழ்பவை. இலங்கையில் வல்கானஸ், இக்டிஸ், லோகிதா முதலிய இனங்கள் உள்ளன.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று சாதியின் பெயர். மற்றது எறும்போடு சேர்ந்து வாழும் அந்த இயல்புக்கு ஒரு சொல். இலத்தீன் பெயரை அப்படியே எழுதினால் தரம் 8 பிள்ளைகள் அதைச் 'சிகரெட்' என்றே வாசிக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர், பம்பலப்பிட்டி. திங்கள் இரவு

ரீச்சர், வெள்ளிவரியன். மற்றதுக்கு எறும்பு நட்பு. பலகையை வாசிக்கப்போவது பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் தாய்தகப்பனும். இரண்டையும் ஒரே வாசிப்பில் விளங்கிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை. செவ்வாய் காலை

பிள்ளை, அச்சகத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சொல்லுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டு அனுப்புவோம்.

குறுந்தொகை 12ஆம் பாட்டு 'எறும்பி அளையிற் குறும்பல் சுனைய' என்று தொடங்குகிறது. பாறையிலுள்ள சின்னஞ்சிறு சுனைகளுக்கு ஓதலாந்தையார் காட்டும் உவமை எறும்பின் அளை. எறும்பின் வீட்டுக்கு இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது எறும்புக்கூடு, எறும்புப் பொந்து என்று நாம் ஏன் அலையவேண்டும்? 'அளை' இன்னோர் இடத்திலும் வருகிறது. புறநானூறு 86இல் 'சிறுவன் எங்கே' என்று கேட்டவளுக்குத் தாய் தன் வயிற்றைக் காட்டி, 'புலி சேர்ந்து போகிய கல்லளை போல' என்கிறாள். வளரும்வரை தங்கி, வளர்ந்ததும் விட்டுப்போகும் இடம் அளை. ரீச்சர் சொல்லும் பூச்சியின் வாழ்வும் அதுதானே! புழுவாக எறும்பின் அளையில் கிடந்து, சிறகு முளைத்ததும் வெளியேறுகிறது. ஆகவே எறும்பளையன் என்பதே என் முன்மொழிவு.

'எறும்பு நட்பு' எனக்கு உவப்பில்லை. இரண்டு பெயர்ச்சொற்களை வெறுமனே பக்கத்தில் வைப்பது கலைச்சொல் ஆகாது. எறும்பின் நட்பா, எறும்போடு நட்பா? தொகையை விரித்தால் பொருள் ஒன்றாய் நிற்கவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர். செவ்வாய் காலை

மாஸ்டர், நிகண்டில் எறும்பி என்பது யானைக்கும் பெயர். அளை என்றால் தயிரும்தான். இன்றைக்கு வெள்ளவத்தைச் சந்தையில் நின்று பத்துப் பேரிடம் 'அளை' என்று சொன்னால் ஒருவர்கூட எறும்பை நினைக்கமாட்டார். பலகையோடு ஓர் உரையாசிரியரையும் கூட நிறுத்திவைக்க முடியாது.

விலங்கியல் மாணவன், தெஹிவளை. செவ்வாய் மதியம்

மாஸ்டர், மன்னிக்கவேண்டும், எறும்பளையன் என்ற பெயர் உண்மையோடு முழுதாகப் பொருந்தவில்லை. லோகிதாவின் குடம்பி எறும்பின் மறைவிடத்துக்குள் கிடக்கும். வல்கானஸ் இலந்தை போன்றவற்றில் இலையைப் பட்டிழையால் கூட்டித் தானே சிறு மறைப்புக் கட்டிக்கொள்ளும். எறும்புதான் அங்கே போகும். யப்பானில் உள்ள தக்கனோனிஸ் இனமோ கூட்டுக்குள்ளேயே இருந்து எறும்பின் வாயிலிருந்து உணவு வாங்கி வளரும். ஒரே சாதிக்குள் இவ்வளவு வேறுபாடு.

எறும்பு எது என்பதையும் சொல்லவேண்டும். நம்முடைய முசுறு அல்ல. கிரெமாட்டோகாஸ்டர் என்ற சிறிய எறும்பு. தொந்தரவு செய்தால் வயிற்றைத் தூக்கி முதுகுக்கு மேலே வளைத்துக் காட்டும். நார்களை மென்று மரக்கிளையில் காகித அட்டை மாதிரிக் கூடு கட்டும். பாறைச் சுனைபோன்ற அளை அதற்கு இல்லை.

'நட்பு' என்பதையும் ஏற்க முடியவில்லை. குடம்பியின் வயிற்றுப்பகுதியில் ஏழாம் துண்டத்தில் முதுகுப்பக்கமாக ஒரு சுரப்பி இருக்கிறது. எறும்பு உணர்கொம்பால் தட்டினால் இனிப்பு நீர் ஒரு துளி வரும். வெல்லத்தோடு அமினோ அமிலங்களும் அதில் இருக்கும். எட்டாம் துண்டத்தில் இரண்டு குழல்கள், நீட்டினால் எறும்புகள் பதறி ஓடி வரும். கைம்மாறாக எறும்பு காவல் நிற்கிறது, ஒட்டுண்ணிக் குளவி கிட்ட வராது. இதுவரை நட்பு என்று சொல்லலாம். ஆனால் 2015இல் யப்பானிய நீலன் ஒன்றின் குடம்பியை வைத்துச் செய்த ஆய்வில், அந்தத் துளியைக் குடித்த எறும்புகளின் மூளையில் டோபமின் என்னும் இரசாயனம் குறைந்திருந்தது. அவை கூட்டுக்குத் திரும்பாமல் குடம்பியைச் சுற்றியே நின்றன. மருந்து கொடுத்து நிறுத்திவைத்த காவற்காரனை நண்பன் என்று எப்படி எழுதுவது?

இரசாயனப் பாடத்தில் கருவை நாடுவது கருநாடி, இலத்திரனை நாடுவது இலத்திரன்நாடி என்று படித்தோம். அதே வாய்பாட்டில் எறும்புநாடி என்று வைக்கலாமே.

உயிரியல் ஆசிரியை. செவ்வாய் பின்னேரம்

தம்பி, உயிரியல் வகுப்பில் நாடி என்றால் குருதிக்குழாய். நாடி, நாளம் என்று பரீட்சைக்குப் படித்த பிள்ளை 'எறும்புநாடி' என்று கண்டால் எறும்பின் உடலுக்குள்தான் தேடும். எறும்புநாட்டம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. நாட்டமுள்ளது எறும்புநாட்டக் குடம்பி. நண்பனா பகைவனா என்ற தீர்ப்பும் சொல்லுக்குள் இல்லை. இந்தச் சாதி அடங்கும் நீலன் குடும்பத்தில் எறும்பு இருக்கும் செடியாகப் பார்த்து முட்டையிடும் தாய்களும் உண்டு, ஆகையால் நாட்டம் என்பது வெறும் அலங்காரமும் அல்ல.

பக்கக் கேள்வி ஒன்று. பலகையில் 'சாதி' என்று எழுதவா? பாடநூலில் வருணம், குடும்பம், சாதி, இனம் என்றுதான் இருக்கிறது. வகுப்பறையில் பழகிவிட்டது. தோட்டத்தில் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் 'வெள்ளிவரியன் சாதி' என்று போட எனக்கு மனம் ஒப்பவில்லை. தமிழகத்தில் பேரினம், சிற்றினம் என்கிறார்கள்.

ஓவியர், கொள்ளுப்பிட்டி (ஊர் மட்டக்களப்பு). செவ்வாய் இரவு

ரீச்சர், பேரினம் என்றே போடுங்கள். சின்ன வயதில் வண்ணாத்திப்பூச்சி என்று சொல்லித்தான் வளர்ந்தோம். ஒரு சமூகத்துப் பெண்ணின் தொழிற்பெயர் அது என்று விளங்கிய நாளிலிருந்து வண்ணத்துப்பூச்சி என்று மாற்றிக்கொண்டேன். சொல் பழகிவிட்டது என்பது அதை வைத்திருக்கப் போதுமான காரணம் அல்ல.

பலகைக்குப் படம் வரைபவள் நான்தான், ஆகையால் பெயரைப் பற்றியும் சொல்கிறேன். ஏன் எல்லா வண்ணத்துப்பூச்சியும் 'அன்' விகுதியில் முடிகிறது? நீலன், வரியன், அளையன். தமிழகம் 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததும் தமிழ் மறவன். முட்டையிட இடம் தேர்கிறவள் தாய் என்று ரீச்சரே எழுதியிருக்கிறார்.

அந்தக் கோட்டைத் தூரிகையால் போட்டுப் பார்த்தால் அது வரி அல்ல என்று தெரியும். செட்டியார் தெருவில் கம்பி இழுத்துச் செய்யும் வெள்ளி வேலைப்பாடு மாதிரி, செம்பழுப்புக்குள் பதித்த இழை. வெள்ளியிழை என்று வையுங்கள். விகுதியே தேவையில்லை. ஆயிழை, சேயிழை என்று நகை அணிந்தவளைச் சொல்வதுபோல வெள்ளி இழையை உடையது வெள்ளியிழை. தரம் 10இல் படித்த அன்மொழித்தொகைதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். புதன் காலை

வெள்ளியிழை நல்ல சொல். கேட்டதும் மனம் நிறைந்தது. மட்டக்களப்பில் தமிழ் பத்திரமாக இருக்கிறது, பிள்ளை.

ஆனால் 'சாதி' பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. தொல்காப்பிய மரபியலில் 'நீர்வாழ் சாதியுள்' என்று வருகிறது. உயிர்வகை என்ற பொருளில் அச்சொல் வாழ்ந்த காலம் அது. பிற்காலத்தில் மனிதர் அதைக் கெடுத்தால் சொல்லையா தண்டிப்பது? மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். 1950களில் நம்மவர்கள் அரச திணைக்களத்தில் இருந்து கலைச்சொற்றொகுதிகளை உழைத்துச் செய்தார்கள். அவர்கள் கட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றி அக்கரையில் உள்ளதை மாட்டினால் நம் பாடநூலின் தொடர்ச்சி என்னாகும்?

மரபியல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 'சிதலும் எறும்பும் மூவறிவினவே', 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே'. எறும்புக்கு உரியவை தொடுகை, சுவை, மோப்பம் ஆகிய மூன்று. கண் நான்காவது, அது தும்பியின் கிளைக்கு. தம்பி எழுதியதை மறுபடி வாசித்துப் பார்த்தேன். உணர்கொம்பால் தட்டுகிறது, துளியைச் சுவைக்கிறது. அந்தக் குழல்கள் எறும்பை எப்படிக் கூப்பிடுகின்றன, வாசனையாலா?

விலங்கியல் மாணவன். புதன் காலை

பெரும்பாலும் வாசனையால்தான் என்று கருதுகிறார்கள், மாஸ்டர். அதைவிடத் தோல் முழுவதும் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் பொருள்களும் எறும்பின் கோபத்தை அடக்கும் என்கிறார்கள். குடம்பிகள் ஒலியும் எழுப்பும். ஆனால் அது காற்றில் வருவதைவிடக் கிளை வழியாக அதிர்வாகப் போய் எறும்பின் கால்களில் படுகிறது. ஆக அதுவும் தொடுகைதான். எறும்புக்குக் கண் உண்டு, இனத்துக்கு இனம் பார்வை வேறுபடும். ஆனாலும் இந்த உறவு நடப்பது நீங்கள் சொன்ன மூன்று புலன்களுக்குள்தான். இதை எந்த விரிவுரையிலும் நான் இப்படிக் கேட்கவில்லை.

அதனால் பெயரில் எறும்பு இருக்கவேண்டும் என்று இப்போது எனக்கும் படுகிறது. பிரித்தானியாவில் பெருநீலன் என்ற வண்ணத்துப்பூச்சி 1979இல் அற்றுப்போனது. காப்பாற்ற நினைத்தவர்கள் பூச்சி சேகரிப்பவர்களைத் தடுக்க வேலி போட்டார்கள். மேய்ச்சலும் நின்றது. முயல்களும் நோயில் செத்தன. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, குடம்பியை வளர்த்த மிர்மிக்கா எறும்பு அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது. எறும்பு போனதும் பூச்சியும் போனது. பிறகு சுவீடனிலிருந்து கொண்டுவந்து, புல்லைக் குட்டையாக வைத்து மீட்டார்கள். சிறகை மட்டும் பார்த்து வைத்த பெயர் எறும்பை மறக்கச் செய்கிறது.

மொழிபெயர்ப்பாளர். புதன் மதியம்

தம்பி, உன் வாதம் உன்னையே தாக்குகிறது. இந்தக் குடும்பத்தில் வாழ்க்கை வரலாறு தெரிந்த இனங்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு எறும்புத் தொடர்பு இருக்கிறது என்று போன கிழமை நீதானே எழுதினாய். அப்படியானால் எறும்பு குடும்பத்தின் அடையாளம். இந்தப் பேரினத்தைப் பிரித்துக் காட்டுவது வெள்ளிக் கோடு. எறும்பு பலகையின் முதல் வசனத்தில் வரட்டும்.

வெள்ளியிழை பற்றி: அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இழை என்றால் பிள்ளைகளுக்கு நூல் அல்லது நார். ஆயிழை அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிறாள். 'வரியன்' என்றால் வரி உள்ளது என்று உடனே விளங்கும்.

ஓவியர். புதன் மதியம்

அண்ணை, வெள்ளி என்றால் கிழமை, வரி என்றால் இறைவரித் திணைக்களம். அப்படிப் பார்த்தால் எந்தச் சொல்லும் மிஞ்சாது. பிள்ளைகள் படத்தையும் பெயரையும் சேர்த்தே பார்க்கப்போகிறார்கள். இழையைப் படத்தில் நான் காட்டுகிறேன். விளங்காத சொல்லைப் பலகையில் பார்த்துத்தானே பிள்ளை அதை விளங்கிக்கொள்ளும்? எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொல்லாகவே இருக்கவேண்டும் என்றால் நாம் எதற்கு இங்கே கூடியிருக்கிறோம்?

உயிரியல் ஆசிரியை. வியாழன் மதியம்

அச்சகத்தில் இருந்து இரண்டு தரம் அழைப்பு வந்துவிட்டது. தனியாக எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் வெள்ளிவரியனுக்குத்தான் கூடுதல் ஆதரவு. வெள்ளியிழை சிறிய வித்தியாசத்தில் பின்னால் நிற்கிறது. எறும்புநாட்டத்துக்கு மாஸ்டர் உட்பட யாரும் மறுப்பில்லை. அனுப்பிய வாசகம் இது:

'வெள்ளிவரியன். இந்தப் பேரினத்தின் குடம்பிகள் எறும்புநாட்டம் உள்ளவை. இனிப்பு நீரைச் சுரந்து எறும்புகளைத் தம்மருகே நிறுத்திக்கொள்ளும்; எறும்புகள் அவற்றைக் காவல்காக்கும். இலந்தை மரத்தில் எறும்பைக் கண்டால் கலைக்கவேண்டாம். அருகில் குடம்பி இருக்கலாம்.'

கடைசி இரண்டு வசனங்களும் தம்பிக்காகச் சேர்த்தவை. 'பேரினம்' என் முடிவு. அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வியாழன் இரவு

வாசகம் நன்றாக இருக்கிறது, பிள்ளை. 'நிறுத்திக்கொள்ளும்' என்ற வினை மிகச் சரி.

என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். பலகைக்குப் போனது பலகைக்கு. நம் குழுவின் சொற்றொகுதியில் வெள்ளியிழை முதலிலும் வெள்ளிவரியன் அடுத்தும் வரவேண்டும். 'சாதி' என்பதையும் நீக்கவேண்டாம், பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அது தேவை. ஞாயிற்றுக்கிழமை 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருவேன். பிங்கல நிகண்டை எடுத்து 'அளை' என்பதற்கு வேறு என்ன பொருள்கள் உள்ளன என்று பார்த்து எழுதுகிறேன்.

ஓவியர். வியாழன் இரவு

நானும் ஞாயிறு வருகிறேன், மாஸ்டர். படத்தின் அடியில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'வெள்ளியிழை' என்று சிறிதாக எழுதியிருக்கிறேன். ரீச்சருக்குச் சொல்லிவிட்டேன், அழிக்கச் சொல்லவில்லை.