நடுவில் இல்லாத கல்லறை: கொள்ளைக்குத் தப்பிய புதைமேடுகள் குறித்து ஒரு வினா

கேள்வி

தொல்பழங்காலப் புதைமேடுகளைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஒரு முரண் மட்டும் என்னை விடாமல் உறுத்துகிறது. இறந்த தலைவனோடு பொன்னையும் படைக்கலத்தையும் வைத்து மூடிவிட்டு, அதன்மேல் தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி மண்ணையும் கல்லையும் மலைபோலக் குவிப்பது, "இங்கே பொருள் இருக்கிறது" என்று திருடனுக்கு முரசறைந்து சொல்வதற்கு ஒப்பாகும். பெரிய மேடுகளில் பல, தொல்லியலார் போய்ச் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துளைக்கப்பட்டுவிட்டன என்றுதான் எங்கும் படிக்கிறேன். அப்படியிருந்தும் சில மேடுகள் எவர் கையும் படாமல் கிடைத்திருக்கின்றன. அவை தப்பியது கட்டியவர்களின் சூழ்ச்சியாலா, வெறும் தற்செயலாலா? திரைப்படங்களில் வரும் பொறிகளையும் சாபங்களையும் விட்டுவிட்டு, மெய்யான சான்றுகளோடு விளக்க வேண்டுகிறேன். துணைக்கேள்வி ஒன்றும் உண்டு: ஏற்கெனவே கொள்ளைபோன மேட்டைத் தோண்டுவதால் பயன் ஏதும் உண்டா?

மறுமொழி 1

திருடன் எப்படித் தோண்டுவான் என்பதிலிருந்து தொடங்கினால் பாதி விடை கிடைத்துவிடும். வட்டமான மேட்டின் உச்சியில் நின்று, கிணறு வெட்டுவதுபோல நேரே கீழே இறங்குவதுதான் அவனுக்குக் குறைந்த உழைப்பு. ஆகையால் கல்லறை நடுவில் இல்லையென்றால் அவன் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ரஷ்யாவின் துவா பகுதியில் உள்ள இரண்டாம் ஆர்சான் மேடு. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் சித்தியர் (குதிரையேறித் திரிந்த நாடோடி மக்கள்) மேட்டை ரஷ்ய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை அகழ்ந்தபோது, நடுவே இரண்டு குழிகள் இருந்தன. இரண்டிலும் எவரும் புதைக்கப்படவில்லை. தலைவனின் கல்லறையோ நடுவிலிருந்து விலகி ஓரமாக, மரக்கட்டைகளால் அடுக்கிய அறைக்குள் இருந்தது. உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஏறத்தாழ 20 கிலோ பொன்னும். ஆணின் மேலாடையில் சின்னஞ்சிறு பொன் சிறுத்தைகளை ஆயிரக்கணக்கில் தைத்திருந்தார்கள். துணி மக்கி மறைந்துவிட்டது. சிறுத்தைகள் மட்டும் எலும்புகளின்மேல் வரிசை வரிசையாகப் படிந்து கிடந்தன. நடுக்குழிகள் திருடனை ஏய்க்கவே வெட்டப்பட்டவை என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பு அதே பள்ளத்தாக்கில் எழுந்த, 110 மீட்டர் விட்டமுள்ள முதல் ஆர்சான் மேடு பண்டைக் காலத்திலேயே சூறையாடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துருக்கியின் கோர்டியனில் உள்ள பெருமேடு இன்னொரு வகை. கி.மு. 740ஐ ஒட்டி எழுப்பப்பட்ட அது இன்றும் 53 மீட்டர் உயரம் நிற்கிறது. விட்டம் ஏறத்தாழ 300 மீட்டர். அங்கும் அறை நடுவில் இல்லை. அகழாய்வாளர் ராட்னி யங் மேட்டின்மேல் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்து, அறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் 1957இல் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டி உள்ளே போனார். அவ்வளவு மண்ணைப் பெயர்க்க எந்தத் திருட்டுக் கும்பலாலும் முடிந்திருக்காது. தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று கதை சொல்லப்படும் மைடாஸ் அரசனின் தந்தைக்கு உரியது என்று இன்று கருதப்படும் அந்த அறையில், வெண்கலக் கலன்களும் அழகிய மர அறைகலன்களும் நிறைந்திருந்தன, பொன்தான் இல்லை.

தற்செயலுக்குச் சான்று வேண்டுமானால் இங்கிலாந்தின் சட்டன் ஹூ. அங்கே 27 மீட்டர் நீளக் கப்பலோடு புதைத்த மேட்டின் ஒரு பக்கத்தைப் பிற்கால உழவு தின்றுவிட்டது. மேட்டின் வடிவம் மாறியதால் அதன் நடுவும் இடம் மாறித் தோன்றியது. திருடர்கள் அந்தப் பொய்யான நடுவில் குழி வெட்டிப் பார்த்துவிட்டு, கல்லறையைத் தொடாமலே போய்விட்டார்கள். 1939இல் அதைத் திறந்தபோது மரப்பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மணலில் பலகைகளின் பதிவும், வரிசை மாறாத இரும்பு ஆணிகளுமே கப்பலாக இருந்தன.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்னவை சரியே. ஆனால் சட்டன் ஹூ கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, தொல்பழங்காலத்தில் சேராது என்பதை மட்டும் குறித்துவிடுகிறேன்.

துணைக்கேள்விக்கு வருகிறேன். கொள்ளைபோன மேடு பயனற்றது என்று எண்ணுபவர்கள் சைபீரியாவின் அல்தாய் மலையில் உள்ள பாசிரிக் மேடுகளைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் பழமையான அவற்றின் கல்லறைகளுக்குள் திருடர்கள் மரக்கூரையை வெட்டி இறங்கி, உலோகப் பொருள்களை அள்ளிச் சென்றிருந்தார்கள். ஆனால் மழைநீர் உள்ளே இறங்கி உறைந்துவிட்டது. மேலே குவிந்திருந்த கற்குவை கோடை வெயிலைத் தடுத்ததால் அந்தப் பனிக்கட்டி பின்னர் உருகவே இல்லை. திருடன் வெட்டிய துளையே நீருக்கு வழிவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை. சோவியத் தொல்லியலாளர் செர்கேய் ருதேன்கோ 1940களின் இறுதியில் கொதிநீரை ஊற்றி ஊற்றி அந்தப் பனியைக் கரைத்தபோது, பச்சை குத்திய மனிதத் தோலும், கம்பளித் துணிகளும், குதிரைச் சேணங்களும் நிறம் மங்காமல் வெளிவந்தன. ஐந்தாம் மேட்டில் கிடைத்த முடிச்சுக் கம்பளம், ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரம், இவ்வகையில் இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையான முழுக் கம்பளம் எனப்படுகிறது. அதன் ஓரத்தில் ஒரு வரிசையில் மான்கள் மேய்கின்றன. இன்னொரு வரிசையில் குதிரை வீரர்கள் போகிறார்கள். வீரர்களில் சிலர் குதிரைமேல் ஏறியும் சிலர் இறங்கி நடந்தும் செல்வதை நெசவாளர் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார். பொன்னைத் தேடி வந்தவனுக்கு அது வெறும் துணி.

எது மிஞ்சுகிறது என்பதை மண்ணின் தன்மையும் தீர்மானிக்கிறது. டென்மார்க்கின் எக்ட்வெட் மேட்டில் 1921இல் ஓர் ஓக் மரப் பெட்டி கிடைத்தது. மர வளையங்களை எண்ணி, அது கி.மு. 1370ஐச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். ஈரப் புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய மேட்டுக்குள் இரும்புச் சத்து கெட்டியான ஓர் ஏடாகப் படிந்து, காற்றுப் புகாமல் பெட்டியை மூடிக்கொண்டது. அதே மண்ணின் அமிலம் எலும்புகளை முற்றிலும் கரைத்துவிட்டது. ஆகவே உள்ளே இருந்த பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எலும்புக்கூடு இல்லை; முடியும், நகமும், பல்லின் எனாமலும், கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடையும், வெண்கல இடைத்தட்டும் இருக்கின்றன. காலடியில் மரப்பட்டைக் கலம் ஒன்றில் தேன், கோதுமை, காட்டுப் பழங்கள் சேர்ந்த மதுவின் கசடு. பெட்டியின் விளிம்பில் ஒரு பூவையும் வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு அடக்கம் நடந்தது கோடைக்காலத்தில் என்று தெரிகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் நீங்கள் சொன்னவை எல்லாம் மூடிய கல்லறைகள். அயர்லாந்தின் நியூகிரேஞ்சு போன்றவற்றில் பக்கவாட்டில் வாயிலும் உள்ளே போக நீண்ட இடைகழியும் இருக்கின்றனவே! அவற்றைக் கட்டியவர்களுக்குத் திருட்டைப் பற்றிய அச்சமே இல்லையா?

மறுமொழி 3

இந்தக் கேள்வியில்தான் முழு விவாதத்தின் முடிச்சும் இருக்கிறது என்று கருதுகிறேன். "கொள்ளை" என்ற சொல்லே, ஒருவரைப் புதைத்து ஒரேயடியாக மூடிய கல்லறைக்குத்தான் பொருந்தும். ஐரோப்பாவின் புதிய கற்காலத்து இடைகழிக் கல்லறைகள் அந்த எண்ணத்தோடு கட்டப்பட்டவை அல்ல. அவை மறுபடி மறுபடி உள்ளே போவதற்கென்றே கட்டப்பட்டவை. அங்கே வைத்த ஈமப்பொருள்களும் பெரும்பாலும் மணி, எலும்பு ஊசி, மட்கலம் போன்றவையே. திருட என்ன இருக்கிறது?

இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட் நெடுமேட்டில் குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் மண்டையோடுகளும் நீள எலும்புகளும் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் இல்லை. அவற்றை எடுத்துச் சென்றவர்கள் அயலார் அல்லர், பெரும்பாலும் அந்த இறந்தோரின் வழிவந்தோரே என்று கொள்வதுதான் இயல்பு.

நியூகிரேஞ்சு ஏறத்தாழ கி.மு. 3200ஐச் சேர்ந்தது. 19 மீட்டர் இடைகழியின் வாயிலுக்கு மேலே தனியாக ஒரு சிறு திறப்பு விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல்களில் கதிரவன் எழும்போது ஒளி அந்தத் திறப்பின் வழியே நுழைந்து உள்ளறையின் தரைவரை செல்கிறது. ஏறத்தாழ 17 நிமிடம் நின்றுவிட்டு மறைகிறது. இதை அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே தனியாக அமர்ந்து நேரில் கண்டார். வாயிலைக் கல்லால் அடைத்த பிறகும் ஒளி போவதற்கு வழி விட்டவர்களின் கவலை திருடனைப் பற்றியதாக இருந்திருக்காது. 1699இல் கல் எடுக்க வந்த வேலையாட்களால் வாயில் வெளிப்பட்டது முதல் அறை திறந்தே கிடந்தது. அங்கே இருந்த சிறுபொருள்கள் பல போயிருக்கலாம். ஆயினும் எஞ்சிய ஓர் எலும்பின் மரபணுவை ஆராய்ந்து, அதற்குரிய ஆணின் பெற்றோர் மிக நெருங்கிய இரத்த உறவினர், உடன்பிறந்தோர் அல்லது பெற்றோரும் பிள்ளையும், என்று 2020இல் வெளியிட்டார்கள். அத்தகைய மணம் அரச குலங்களில் சில இடங்களில் நடந்ததால், அங்கே ஓர் ஆளும் குடி இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஒரே எலும்பை வைத்து அவ்வளவு தூரம் போவது எனக்குச் சற்று அதிகமாகத் தோன்றுகிறது.

மறுமொழி 4

சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். இதுவரை எல்லோரும் திருடனையே பேசினோம். ஆனால் புதைமேடுகளுக்கு அவனைவிடப் பெரிய பகை கல்லுடைப்பும் உழவும் சாலையும்தான். பிரான்சின் பார்னெனே கற்குவை 72 மீட்டர் நீளம், 11 அறைகள் கொண்டது. கட்டத் தொடங்கியது கி.மு. 5ஆம் ஆயிரத்தாண்டில். 1950களில் ஓர் ஒப்பந்தக்காரர் அதைச் சாலைக்கல்லுக்காக வெட்டத் தொடங்கி, அறைகள் சில வெளியே தெரிந்த பிறகுதான் வேலை நிறுத்தப்பட்டது. அருகில் இருந்த சிறிய கற்குவை அதற்குள் போய்விட்டது. பஹ்ரைனில் கி.மு. 2200 முதல் 1750 வரை எழுந்த, தில்முன் என்னும் பழைய நாகரிகத்தின் புதைமேடுகளில், 2019இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த 21 இடங்களில் மட்டும் 11,774 மேடுகள் நிற்கின்றன. முன்பு இருந்தவை இவற்றைப் போலப் பல மடங்கு. மறைந்தவற்றின் மேல் இன்று வீடுகளும் சாலைகளும் இருக்கின்றன. பார்னெனேவில் ஒப்பந்தக்காரர் வெட்டிய பக்கம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. அங்கே நின்றால், அறைகளின் உட்கூரையைக் கல்மேல் கல்லாக எப்படி உள்நோக்கி நகர்த்திக் கவித்தார்கள் என்பது வெட்டுமுகத்தில் தெளிவாகத் தெரியும்.