பல்கலைக்கழக இன்குபேட்டர் (புது நிறுவனங்களுக்கு இடமும் உதவியும் தரும் அமைப்பு) அனுபவங்கள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

சவ்வுக்காரன்
நானே தொடங்கி வைக்கிறேன். உப்புநீரிலிருந்து லித்தியம் பிரிக்கும் ஒரு சவ்வு, முனைவர் பட்ட வேலையில் வந்தது. கம்பெனி தொடங்கலாம் என்று முடிவாகி, காப்புரிமைக்காகப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். நல்ல கேள்விகள். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "இதை வெளியே எங்கேயாவது காட்டினீர்களா?" என்றார்.

"இல்லை மேடம். திறந்தநாள் கண்காட்சியில் ஒரு போஸ்டர் மட்டும்."

பேனா நின்றது. "எப்போது?"

பதினாறு மாதம் ஆகியிருந்தது. அவர் பேனாவுக்கு மூடி போட்டார். அந்த டக் சத்தத்துக்குப் பிறகு அவர் என்னென்னவோ மாற்று வழிகள் சொன்னார், எதுவும் காதில் ஏறவில்லை.

இரவு ஷிப்ட்
எங்களுடையது அதிர்வை அளக்கும் நுண் சென்சார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அளவீடு ஆட ஆரம்பித்துவிடும். மூன்று வாரம் சர்க்யூட்டை மாற்றினோம், கிரவுண்டிங்கை மாற்றினோம். இன்குபேட்டர் கொடுத்த நான்கு மென்டர்களும் சந்தை எவ்வளவு பெரியது என்பதைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை.

இயற்பியல் பட்டறை டெக்னீஷியன், கொடுத்த ஸ்பேனரைத் திருப்பி வாங்க வந்தவர், மேசை மேல் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, இங்கே கையை வைங்க." வைத்தேன். மெலிதாக ஓர் உறுமல். சரக்கு லிஃப்ட்! துப்புரவுப் பணியாளர்கள் ஆறு மணிக்கு மேல்தான் அதை ஓட்டுவார்கள். மறுநாள் ஒரு கிரானைட் பலகையையும் நான்கு சைக்கிள் டியூப்களையும் கொண்டுவந்து, டியூப்களில் அரைவாசி காற்றடித்து, மேலே பலகையை வைத்துக் கொடுத்தார். ஆட்டம் நின்றது.

ஆலோசகர் என்று யார் யாருக்கோ பங்கு கொடுத்தோம். அவருக்கு ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லவில்லை.

கோப்புக்கட்டு
சவ்வுக்காரன், கோபித்துக்கொள்ள வேண்டாம், தப்பு உங்கள் மேல்தான். போஸ்டரும் வெளியீடுதான், வெளியிட்டுவிட்டால் காப்புரிமை கைநழுவிப் போகும். 1973 நவம்பரில் கோஹென், போயர் குழுவின் மரபணு ஒட்டு ஆய்வு வெளியானது. ஸ்டான்ஃபோர்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1974 நவம்பரில், வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டு அவகாசம் முடியும் தறுவாயில். அமெரிக்காவில் தப்பித்தார்கள், வெளிநாட்டு உரிமை போயே போய்விட்டது. அப்படியும் 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. ஐரோப்பாவில் அந்த அவகாசமே கிடையாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை முதலில் கொடுங்கள், கருத்தரங்கு அப்புறம். ஆய்வக நோட்டில் தேதி போடுங்கள். பல்கலைக்கழகம் பங்கு கேட்டால் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடுத்த சுற்று முதலீட்டில் புதுப் பங்குகள் வரும்போது அந்தப் பங்கின் விகிதமும் கரையுமா கரையாதா என்று பாருங்கள். கரையாத பங்கைக் கண்டால் முதலீட்டாளர் ஓடுவார். லைசென்ஸ் பிரத்தியேகமா, எந்தத் துறைக்கு மட்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேராசிரியர் நிறுவனர் என்றால் அவர் மாணவர் யாருக்கு வேலை செய்கிறார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

என் கதையா? நான் அந்த மாதிரி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். பேனாவை மூடியிருக்கிறேன்.

மைனஸ்எண்பது
கோப்புக்கட்டு சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. ஸ்வீடனிலும் ஆசிரியர்களுக்கு அப்படித்தான். 'எழுத்தில் வாங்குங்கள்' என்கிறீர்களே, வாசல் கதவிடம் எதை நீட்டுவது?

எங்களுக்கு இன்குபேட்டரில் மூன்று வருடக் கெடு. முடிந்ததும் 'பட்டமளிப்பு' என்று கேக் வெட்டி, கைதட்டி, போட்டோ எடுத்தார்கள். அது வெள்ளிக்கிழமை. இரவு என்சைம் மாதிரிகளை எடுக்கப் போனேன், புது இடத்தில் ஃப்ரீசர் திங்களன்றுதான் வரும் என்பதால் உலர்பனிப் பெட்டியோடு. அட்டையைக் காட்டினேன். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஃப்ரீசர் கதவில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர் தெரிகிறது. உலர்பனி என் கையில் புகைந்துகொண்டிருக்கிறது. காவலர் பாவம், யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் பக்கத்து அறைக் குழுவில் இருந்த ஒரு பெண், இன்னும் 'பட்டம்' வாங்காதவள், வந்து திறந்துவிட்டாள்.

டிரினிட்டி கல்லூரி கேம்பிரிட்ஜ் அறிவியல் பூங்காவைத் தொடங்கியது 1970-இல், செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் புத்தாக்க மையம் வந்தது 1987-இல். சின்ன நிறுவனத்துக்கு வேறு மாதிரி இடம் வேண்டும் என்பது அந்த ஊரில் எப்போதோ புரிந்துவிட்டது. எங்களை வெளியே அனுப்பியவர்களுக்கு, அடுத்து எங்கே போவோம் என்ற கேள்வியே வரவில்லை.

கோப்புக்கட்டு
அட்டை காலாவதியாகும் தேதி ஒப்பந்தத்தில் இருந்திருக்கும். படித்தீர்களா?

சவ்வுக்காரன்
கோப்புக்கட்டு, விட மாட்டீர்கள் போல. போஸ்டர் விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. ஒட்டச் சொன்னது என் வழிகாட்டி. எத்தனை போஸ்டர் என்று துறை ஆண்டறிக்கையில் கணக்குக் காட்ட வேண்டுமாம். அந்தக் கண்காட்சியை நடத்தியதே பரிமாற்ற அலுவலகம்தான்.