வட ஆற்காட்டுப் பழைய ஆவணங்கள்: டிஸ்பேஸ் போடலாமா, வேறு ஏதாவதா?

குடியாத்தம்வாசி:
வணக்கம். எங்கள் ஊர் வாசகர் மன்றத்தில் கைத்தறிச் சங்க ஆண்டறிக்கை, திருவிழா நோட்டீஸ், நாடக நோட்டீஸ், சிற்றிதழ் என்று பீரோ நிறையக் கிடந்ததை முக்கால்வாசி ஸ்கேன் செய்துவிட்டோம், எல்லாம் பிடிஎஃப்பாக ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கிற மாதிரி ஆன்லைனில் வைக்க ஆசை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டாம். எல்லாரும் டிஸ்பேஸ் என்கிறார்கள், ஆவணங்களை ஆன்லைனில் சேமித்துத் தேட வைக்கும் இலவச மென்பொருளாம். கையில் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப், லினக்ஸ் ஓரளவு வரும், ஜாவா சுத்தமாக வராது. போடலாமா?

காட்பாடி_லைப்ரரி:
வேண்டாம் சார். டிஸ்பேஸ் நல்ல சரக்குதான், 2002-ல் அமெரிக்காவின் எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து வெளியிட்டது, நம் நாட்டு ஆய்வேடுகள் இருக்கும் சோத்கங்காவே அதில்தான் ஓடுகிறது. ஆனால் 2021-ல் வந்த 7-ம் பதிப்பிலிருந்து பயனர் பார்க்கிற முன்பக்கம் ஆங்குலரில், வேலை நடக்கிற பின்பக்கம் ஜாவாவில் என்று பிரித்துவிட்டார்கள், கூடவே தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ், தேடலுக்கு சோலர் எல்லாம் ஓட வேண்டும், 4 ஜிபியில் மூச்சு முட்டும். யூடியூபில் 6-ம் பதிப்புக்கான பழைய வீடியோவைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள், அதற்கு ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. யார் ஏற்றுவது, யார் சரிபார்ப்பது என்று படிப்படியாக அனுமதி வைக்கிற வசதியெல்லாம் கல்லூரிக்கு வேண்டும், மன்றத்துக்கு எதற்கு?

அதே வேலைக்கான இன்னொரு இலவச மென்பொருள் ஒமேகா எஸ், அதைப் பாருங்கள். பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் போதும், இணையதளங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடும். டெஸ்க்டாப்பை வீட்டில் சர்வராக வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், மே மாத வெயிலும் கரண்ட் கட்டும் உங்களுக்கே தெரியும்.

பாலாறு:
மென்பொருள் எதுவானாலும் முதலில் எக்செல்லில் பட்டியல் போடுங்கள், அதை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்து ஒமேகாவில் மொத்தமாக ஏற்றலாம். நம் பக்கத்து ஆவணங்களில் உதைக்கிற இடம் மாவட்டம். 1911-க்கு முன் சித்தூரே வட ஆற்காட்டில்தான் இருந்தது, 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். 1960-களின் ஆம்பூர் நோட்டீஸில் வட ஆற்காடு என்று இருக்கும், இன்று ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், தேடுகிறவர் எதைப் போட்டுத் தேடுவார்? அச்சில் இருப்பதையும் போடுங்கள், இன்றைய மாவட்டத்தையும் போடுங்கள். ஆவண விவரங்களைப் பதியும் பொது முறையான டப்ளின் கோரில் இடத்துக்கென்று கவரேஜ் என்ற புலம் இருக்கிறது, ஒரே ஆவணத்துக்கு அதை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பலாம். உங்கள் ஊருக்கும் குடியாத்தம், குடியேற்றம் என்ற இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

குடியாத்தம்வாசி:
இது தோணவே இல்லை, நன்றி. பிடிஎஃப்பை அப்படியே ஏற்றினால் உள்ளே இருக்கிற எழுத்திலும் தேட முடியுமா?

காட்பாடி_லைப்ரரி:
முடியாது, ஸ்கேன் என்றால் அது வெறும் படம். டிஸ்பேஸ் போட்டாலும் இதே கதைதான். படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றுவதை ஓசிஆர் என்பார்கள், அதற்கான டெசரேக்ட் மென்பொருள் இலவசம், தமிழ் படிக்கும், முதலில் அதை ஓட்டி எழுத்தைப் பிடிஎஃப்புக்குள் சேர்த்துவிட்டு ஏற்றுங்கள். ஆனால் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய ணா, றா, னை, லை எல்லாம் வரும், அங்கே தடுமாறும். நோட்டீஸ்களுக்கு ஓசிஆரை நம்ப வேண்டாம், நாடகப் பெயர், தேதி, அச்சகம் மூன்றையும் கையால் தட்டச்சு செய்துவிடுங்கள், பக்கம் குறைவுதானே.

பாலாறு:
சிற்றிதழ்களை மட்டும் கடைசியில் வையுங்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது, இதழில் ஆளாளுக்கு எழுதியிருப்பார்கள், குடும்பத்தைத் தேடிக் கேட்க வேண்டிவரும். ஒமேகாவில் ஒரு ஆவணத்தைப் பொதுவில் காட்டாமல் மறைத்து வைக்கலாம், அனுமதி கிடைக்கும்வரை அப்படியே இருக்கட்டும். அப்புறம், அந்த ஒரே ஹார்டு டிஸ்கை இன்றைக்கே இன்னொன்றில் காப்பி எடுத்து வேறு ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.